கடற்கரை வீட்டு வால்வு செட்டுக்கு எந்தக் கெப்பாசிட்டர், எந்த ரெசிஸ்டர்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து ரேடியோகிராம், ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த பெட்டி, வீட்டில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் பகுதியில் ஈசிசி83, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 என்ற வால்வுகள், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயராக ஈஸெட்80. போட்டால் பாட்டு வருகிறது, கூடவே உறுமலும் வருகிறது. அரைமணி நேரம் ஓடினால் ஈஎல்84-க்குள் இருக்கும் தகடு சிவக்கத் தொடங்குகிறது. எண்ணெயில் ஊறிய பேப்பர் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும், ஒன்றே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கார்பன் காம்பொசிஷன் ரெசிஸ்டர் போட்டால்தான் பழைய குரல் திரும்பும் என்று இன்னொருவர். எதை வாங்குவது, எதை விடுவது?

தம்பி, வாங்குவது இருக்கட்டும். தகடு சிவந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். ஈஎல்84-இன் பிளேட், அதாவது அந்தத் தகடு, தாங்குவது 12 வாட். 250 வோல்ட், 48 மில்லிஆம்பியர் என்ற அதன் வழக்கமான ஓட்டத்திலேயே அந்த 12 வாட் வந்துவிடுகிறது. ஒழுங்காக இருக்கும்போதே விளிம்பில் நிற்கிற வால்வு அது. சிவந்த தகட்டோடு ஓடவிட்டால் வால்வு போகும், அதன் பின்னால் ரெக்டிஃபயர் போகும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். வால்வைத் தேடிப் பிடித்துவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பழையபடி சுற்றித் தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. சூடேற்றிய, வறண்ட அறையில் உட்கார்ந்துகொண்டு எது இனிமையாகக் கேட்கிறது என்று அவர்கள் வாதாடலாம். நமக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: எது கசியாமல் இருக்கும்? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே சங்கதிதான் உங்கள் செட்டின் உலோகச் சட்டமான சேசிஸுக்குள்ளும் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புப்படலம் பகலில் சும்மா கிடக்கும். ராத்திரி ஈரம் ஏறியதும் அது மின்சாரம் கடத்தும் திரவமாகிவிடும். வாடைக்காற்று மாதங்களில் பகலிலேயே அப்படித்தான். மண்டபம் ஊரில் காரைக்குடி சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வெளியே வைத்து அரிப்பை அளக்கிறது என்றால், இந்த ஊர்க் காற்றின் யோக்கியதை அப்படி. ஆகவே என் பதில் முழுக்க இந்த ஒரே கோணத்தில்தான் இருக்கும்: கசிவு, ஈரம், காலில் பிடிக்கும் துரு. குரல் இனிமை அதற்கப்புறம்.

சிவப்புக்கு வருவோம். ஈசிசி83-இன் பிளேட்டிலிருந்து ஈஎல்84-இன் கிரிட்டுக்கு, அதாவது வால்வின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் முனைக்கு, பாட்டைக் கடத்தும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பழைய மெக்கானிக்குகள் கப்ளிங் கண்டென்சர் என்பார்கள். ஒரு காலில் 150 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம், மறுகாலில் ஒன்றும் இருக்கக் கூடாது. பழைய செட்டுகளில் இது மெழுகு பூசிய பேப்பர் உருளை. மெழுகு வெடித்து ஈரம் இறங்கியதும் உள்ளேயிருக்கும் காகிதம் மின்தடை இழக்கிறது. அதன் கசிவுத்தடை 10 மெக் ஓமுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல கெப்பாசிட்டர் போலத்தான் தெரியும். ஆனால் கிரிட்டிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம் என்றால், 150 வோல்ட்டில் ஏறக்குறைய 6.7 வோல்ட் கிரிட்டில் வந்து உட்காரும். ஓட்டத்தை அடக்கிவைக்க ஈஎல்84-இன் கிரிட்டுக்கு வேண்டிய வோல்ட்டே (பயாஸ் என்பார்கள்) மைனஸ் 7.3 வோல்ட்தான். எலக்ட்ரான் புறப்படும் முனையான கேத்தோடில் இருக்கும் ரெசிஸ்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கும், ஆனாலும் மின்னோட்டம் எகிறிவிடும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். அதனால்தான் உங்கள் செட்டில் அரைமணி நேரம் கழித்துச் சிவக்கிறது.

அந்தப் பழைய கெப்பாசிட்டரைச் சோதித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மெழுகுப் பேப்பர் என்றால் கேள்வியே இல்லாமல் வெட்டி எடுங்கள். அதன் இடத்தில் 630 வோல்ட் தாங்கும் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர், பெட்டி வடிவத்தில், பிசின் ஊற்றி அடைத்தது. இந்தக் கரையில் என் முதல் தேர்வு அதுதான். பாலிப்ராப்பிலீன் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பாலியெஸ்டர் அதைவிடக் கூடுதலாக உறிஞ்சும். உயர்ந்த தடையோடு இருக்கும் கிரிட் பக்கத்தில் அந்த வித்தியாசம் தெரியும், கேத்தோடு, டோன் கன்ட்ரோல் பக்கங்களில் தெரியாது. பாலிஸ்டைரீன் குணத்தில் நல்லதுதான், ஆனால் ஈயம் வைக்கும் சூட்டிலேயே சுருங்கிவிடும். 85 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. வால்வுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ஏன் பெட்டி வடிவம் என்கிறேன் என்றால், மஞ்சள் டேப் சுற்றி இரண்டு முனையிலும் பிசின் நிரப்பிய நீள உருளைகள் பார்க்க லட்சணமாக இருக்கும், பாகங்களின் கால்களை ஈயம் வைத்துக் கட்டும் அட்டையான பழைய டேக் போர்டில் அழகாகப் படுக்கும். ஆனால் டேப்புக்கும் பிசினுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கும். ஃபிலிம் மேல் ஆவியாகப் படியவைத்த உலோகம் நானோமீட்டர் கணக்கில்தான் தடிமன். ஈரம் பட்டால் அது கரைந்து மதிப்பு குறைந்துகொண்டே போகும். மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்ததும் எலக்ட்ரீஷியன் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றிவிட்டுப் போகிறாரே, அதற்குள் நடந்ததும் இதே வகைத் தேய்மானம்தான். வாங்கும்போது தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பாருங்கள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையைத் தாண்டிய ரகம் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கார்களுக்காகச் செய்யும் வரிசைகளில் இது கிடைக்கும். விமா, கெமெட், டிடிகே, விஷே என்று பெயருள்ள கம்பெனிகள் எல்லோரிடமும் அப்படி ஒரு வரிசை உண்டு.

சரி, அந்த எண்ணெய்ப் பேப்பர்? முழுக்க மறுத்துவிட மாட்டேன். உலோகக் குழாயில் அடைத்து, கால் வெளியே வரும் இடத்தைக் கண்ணாடியால் மூடிய சோவியத் கே40ஒய்-9 போன்றவை ஈரத்துக்கு அசையாதவை. ஆனால் இன்று கைக்கு வருவது பல பத்தாண்டு பழைய சரக்கு. எங்கோ ஒன்றில் அந்தக் கண்ணாடி கீறியிருந்தால் மறுபடி மெழுகுப் பேப்பர் கதைதான். ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துப் போடத் தெம்பிருந்தால் போடுங்கள். ஒரே ஒரு ஈஎல்84, 5 வாட்டுக்குச் சற்று மேல் வெளியீடு, சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், காகிதக் கோன் ஸ்பீக்கர் இருக்கும் ரேடியோகிராமில், நல்ல பாலிப்ராப்பிலீனுக்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஈஎல்84 வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த வால்வுகள் அங்கங்கே இன்னும் அகப்படுகின்றன.

மதிப்பை ஏற்றவும் வேண்டாம். 0.022 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.22 போட்டால் பாஸ் கூடும் என்று ஆசை காட்டுவார்கள். கணக்கு எளிது: 0.159-ஐ மெக் ஓம், மைக்ரோஃபாரட் இரண்டின் பெருக்கலால் வகுத்தால் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே பாட்டு தேய்கிறது என்று வரும். 0.47 மெக் ஓம், 0.022 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ 15 ஹெர்ட்ஸ். உங்கள் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. பெரிய மதிப்பு போட்டால் கிடைப்பது வளைந்த இசைத்தட்டின் குலுக்கலும், சத்தம் கூட்டும்போது படகு மோட்டார் மாதிரி டப்டப் என்று வரும் ஊசலாட்டமும்தான்.

இனி மிக முக்கியமான இடம். நல்ல கெப்பாசிட்டர் போட்ட பிறகும் வால்வு சிவக்கிறது என்று இந்தக் கரையில் பலர் குழம்பிப்போவதுண்டு. கெப்பாசிட்டர் மேல் பழி போட்டு இன்னும் விலை கூடியதை வாங்குவார்கள். குற்றவாளி பெரும்பாலும் டேக் போர்டு. பழுப்பு நிறப் பாக்ஸலின் அட்டையில், 150 வோல்ட் டேக்கும் கிரிட் டேக்கும் பக்கத்துப் பக்கத்தில் விரல் அகல இடைவெளியில் நிற்கும். நடுவில் பழைய ஃப்ளக்ஸ், தூசி, உப்பு. கெப்பாசிட்டர் கசியாவிட்டாலும் அட்டை கசியும்.

எது கசிகிறது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் புதிதாக மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள் (அதைப் பற்றி உறுமலைச் சொல்லும்போது வருகிறேன்). ஈஎல்84-ஐ எடுத்தால் சுமை குறைந்து உயர்மின்னழுத்தம் ஏறும், பழைய எலக்ட்ரோலிட்டிக் தாங்காது. செட்டை அணைத்து, மின்சாரம் வடிந்ததை அளந்து உறுதிசெய்துவிட்டு, ஈஎல்84-ஐக் கழற்றி, கப்ளிங் கெப்பாசிட்டரின் கிரிட் பக்கக் காலைத் தூக்கி விடுங்கள். செட்டை மறுபடி போட்டுச் சற்று நேரம் சூடாகவிட்டு, சாக்கெட்டின் 2-ஆம் காலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் டிஜிட்டல் மீட்டரால் பாருங்கள். இப்போது வால்வும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை. ஆனாலும் கிரிட் டேக்கில் அரை வோல்ட், ஒரு வோல்ட் வந்தால் அது அட்டையிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ வருவது. பூஜ்யம் என்றால், தூக்கிய காலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். மீட்டரின் உள்தடை 10 மெக் ஓம் என்றால், அது 1 வோல்ட் காட்டுவது 0.1 மைக்ரோஆம்பியர் கசிவு. காலை மறுபடி கிரிட்டில் சேர்த்தால் அதனால் வருவது 0.05 வோல்ட்கூட இல்லை, பொறுத்துக்கொள்ளலாம். புதுக் கெப்பாசிட்டர் அதற்கும் வெகு கீழே காட்ட வேண்டும். 10 வோல்ட் காட்டினால் தூக்கிப் போடுங்கள். இரண்டும் சுத்தமாக இருந்து, வால்வைச் செருகிய பிறகு மட்டும் கிரிட்டில் பிளஸ் வோல்ட் ஏறினால் கோளாறு வால்வுக்குள். உள்ளே வாயு இறங்கியிருக்கும், அல்லது கிரிட்டே சூடாகி எலக்ட்ரான் விடும்.

அட்டைதான் என்று தெரிந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள், ஏனென்றால் உப்பு தண்ணீரில்தான் நன்றாகக் கரையும், அப்புறம் ஆல்கஹால். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதற்கும் அடங்காமல் அட்டையே கரிந்திருந்தால், கிரிட் இணைப்பை அட்டையிலிருந்து எடுத்து சாக்கெட் காலிலேயே நேராகக் கட்டிவிடலாம். பார்க்க ஒழுங்காக இருக்காது, வேலை செய்யும்.

இங்கேயே ரெசிஸ்டரும் வந்துவிடுகிறது. அந்த 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர் பழைய கார்பன் காம்பொசிஷன் என்றால் அளந்து பாருங்கள். கரித்தூளும் பிசினும் சேர்த்து அழுத்திய குச்சி அது. ஈரத்தைக் குடிக்கும், வருஷம் ஆக ஆக மதிப்பு மேலே ஏறும். ஈஎல்84-க்குக் கேத்தோடு பயாஸில் கிரிட் ரெசிஸ்டர் 1 மெக் ஓமைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. 470 கிலோ என்று வர்ணம் போட்டது 1.5 மெக்கில் நின்றால், துளிக் கசிவும் மூன்று மடங்கு வோல்ட்டாக மாறும். பழைய குரலுக்காகக் கார்பன் காம்பொசிஷன் தேடச் சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள். பிளேட் ரெசிஸ்டராகப் போட்டால் அதில் சிறிதளவு இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இரட்டை அதிர்வெண் கொண்ட கூடுதல் ஒலி, சேரும் என்பது உண்மைதான். கூடவே நேர்மின்சாரம் ஓடும்போது அது போடும் இரைச்சலும் சேரும். பாட்டு நிற்கும் இடத்தில் ஸ்பீக்கரில் மழைச்சத்தம் கேட்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த ரகத்தைப் புதிதாக வாங்கிப் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பழைய ரெசிஸ்டரைக் கழற்றாமலே சந்தேகம் தீர்க்க ஒரு வழி: செட் அணைந்து கெப்பாசிட்டர்கள் வடிந்த பிறகு, இருந்த இடத்திலேயே அளவுங்கள். குறித்த மதிப்பைவிடக் கூடுதலாகக் காட்டினால் அது போனதுதான். பக்கத்தில் சேர்ந்திருக்கும் பாகங்கள் அளவைக் குறைத்துத்தான் காட்ட முடியும், கூட்ட முடியாது. குறைவாகக் காட்டினால் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

புதிதாகப் போடுவதற்கு ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், பெரும்பாலான இடங்களில் 1 வாட் உடம்பு. வாட் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஈசிசி83-இன் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரில் ஓடுவது 1 மில்லிஆம்பியருக்கும் சற்றுக் குறைவு, சூடு 0.1 வாட்கூட வராது. கால் வாட் போதுமே என்று தோன்றும். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் பலவற்றுக்கு வோல்ட் வரம்பு 250. வால்வுக்குள் ஷார்ட் ஆனால் 250 வோல்ட் முழுவதும் அதன் தலையில் விழும், அப்போது 0.6 வாட் ஆகிவிடும். உடம்பு பெரிதானால் வோல்ட்டும் தாங்கும், இரைச்சலும் குறையும், மேல்பூச்சும் தடிமனாக இருக்கும். ஈரத்துக்கு அந்த மேல்பூச்சுதான் ரெசிஸ்டரின் உயிர். மெட்டல் ஃபிலிம் என்பது பெரும்பாலும் நிக்கல், குரோமியம் கலந்த மிக மெல்லிய படலம். உப்பீரமும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் அந்தப் படலம் மின்னரிப்பில் கரைந்து அறுந்துபோகும். மதிப்பு கூடக் கூடப் படலம் மெலிவதால் 470 கிலோ, 1 மெக் ரெசிஸ்டர்கள்தான் முதலில் போகும். அவற்றை மட்டுமாவது நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஈஎல்84-இன் கேத்தோடு ரெசிஸ்டர் 135 ஓம் அக்கம்பக்கம், 0.4 வாட் சூடு வரும், 2 வாட் மெட்டல் ஆக்சைடு போடுங்கள். அதன் குறுக்கே இருக்கும் பைபாஸ் எலக்ட்ரோலிட்டிக்கை 25-க்குப் பதில் 50 வோல்ட்டாக வாங்கினால், வால்வு ஒருநாள் மிஞ்சினாலும் அது வெடிக்காது. ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு நடுவில் வரும் ரெசிஸ்டருக்குக் கம்பி சுற்றிய வயர்வுண்ட் ரகம். வெள்ளைச் சிமெண்ட் டப்பா ரெசிஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சிமெண்ட் ஈரத்தை இழுக்கும், கால் நுழையும் இடத்தில் துரு கட்டும். கண்ணாடி எனாமல் பூசிய பச்சை, பழுப்பு உருளைகள் கிடைத்தால் அவையே மேல்.

உறுமலுக்கு வருகிறேன். அது பெரும்பாலும் ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துபோனதால். சேசிஸ் மேல் நிற்கும் ஒரே உலோகக் கேனுக்குள் 50, 50 மைக்ரோஃபாரட் என்று இரண்டு இருக்கும். புதிதாக 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி ரகம் இரண்டை சேசிஸுக்கு அடியில் போட்டு, பழைய கேனைத் துண்டித்து அழகுக்காக அப்படியே மேலே விட்டுவிடலாம். 85, 105 என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எலக்ட்ரோலிட்டிக்கின் பொதுக் கணக்கு. சேசிஸுக்குள் 65 டிகிரி என்றால், 2000 மணி நேரம் என்று போட்ட 85 டிகிரிக் கெப்பாசிட்டர் 8000 மணி நேரம் வரும், 105 டிகிரி 32,000 மணி நேரம் வரும்.

உறுமல் இன்னும் குறையட்டும் என்று ரெக்டிஃபயரை ஒட்டிய முதல் கெப்பாசிட்டரில் 220 போட்டுவிடாதீர்கள். ஈஸெட்80-க்கு அந்த இடத்தில் வரம்பு 50 மைக்ரோஃபாரட். மீறினால் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது இழுக்கும் மின்னோட்டம் ரெக்டிஃபயரைத் தின்றுவிடும். கூட்டுவதானால் இரண்டாவதில் 100 வரைக்கும் கூட்டலாம். கேரளத்தின் கெல்ட்ரான், ஜப்பானின் நிச்சிகான், ரூபிகான் எதுவானாலும் சரி, போலியைப் பார்த்து வாங்குங்கள். பெரிய உறைக்குள் சின்னக் கெப்பாசிட்டரை ஒளித்து விற்கும் வித்தை இருக்கிறது. ஒரு கடையில் 450 வோல்ட் என்று எனக்குத் தந்ததைப் பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் தடிமனில் வேறொன்று படுத்திருந்தது. கையில் தூக்கிப் பார்த்தால் எடை சொல்லிவிடும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஒரு கெப்பாசிட்டர் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

வால்வு செட்டின் பின்புறம் மின்கம்பி நுழையும் இடத்தில், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு 0.01 அளவில் ஒரு பழைய பேப்பர் கெப்பாசிட்டர் இருக்கும். சேசிஸைத் தொட்டால் சுரீர் என்பதற்கு அது ஒரு காரணம். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் 230 வோல்ட். எடுத்துவிட்டாலும் செட் பாடும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒய்2 என்று பாதுகாப்பு முத்திரை உள்ளதுதான். இரண்டு மெயின்ஸ் கம்பிகளுக்கு நடுவில் என்றால் எக்ஸ்2. சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் இங்கே ஆகாது. இதைப் படிக்கும் மற்றவர்கள் செட்டில் யூசிஎச்81, யூஎல்84 என்று யூ-வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால், அந்தச் சேசிஸ் நேராகவே மெயின்ஸோடு சேர்ந்தது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

ரேடியோ பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கை வானொலி கேட்ட நாளிலிருந்து யாரும் தொடாத ஐஎஃப் கேன்கள் (ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் சுருள்கள் இருக்கும் உலோக டப்பாக்கள்) சும்மா இருக்கும்போதே சடசடவென்றால், உள்ளே வெள்ளி பூசிய மைக்கா கெப்பாசிட்டரில் ஈரத்தோடு வெள்ளி நகர்ந்து ஷார்ட் போடுகிறது என்று அர்த்தம். அதே மதிப்பில் சி0ஜி வகை செராமிக் போட்டால் தீரும். எக்ஸ்7ஆர், ஒய்5வி செராமிக்குகளைப் பாட்டு போகும் பாதையில் போடாதீர்கள். அவற்றின் மதிப்பு வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும், தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும். இது மட்டும் காதுக்கே தெரியும் வித்தியாசம்.

எந்தப் பாகம் வாங்கினாலும் ஒரு காந்தத்தைக் காலின் நுனியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி, மேலே வெறும் ஈயப்பூச்சு. வெட்டிய முனையிலிருந்து துரு தொடங்கிக் காலோடு உடம்புக்குள் ஏறும். செம்புக் காலாக இருந்தால் ஒட்டாது. நுனியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஃபிலிம் ரெசிஸ்டர்களின் இரு முனைத் தொப்பியும் பெரும்பாலும் இரும்புதான், உடம்பருகே வைத்தால் நல்லதும் ஒட்டும். பாம்பன் பாலத்துக்காவது பெயின்ட் அடிக்க ஆள் இருந்தது, உங்கள் ரெசிஸ்டர் காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஈயம் 60/40 அல்லது 63/37, உள்ளே ரோசின் உள்ளது. டப்பாவில் விற்கும் பேஸ்ட்டைத் தொட்டு வைக்கும் பழக்கத்தை வால்வு செட்டில் விட்டுவிடுங்கள். அதன் மிச்சம் ஈரத்தை இழுத்துச் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். வேலை முடிந்து கழுவிக் காய்ந்ததும் அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரேயை டேக் போர்டுக்கும் இணைப்புகளுக்கும் மெல்லியதாக இரண்டு தடவை அடிக்கலாம். வால்வு சாக்கெட்டின் துளைகள், சுவிட்ச், வால்யூம் கன்ட்ரோல், சூடேறும் வயர்வுண்ட் ரெசிஸ்டர் எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். அழுக்கின் மேல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். குளோரின் கலந்த கிளீனர் ஸ்ப்ரேக்களை எலக்ட்ரோலிட்டிக் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ரப்பர் மூடி வழியாக இறங்கி உள்ளே அலுமினியத்தை அரித்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போடாதீர்கள். மெயின்ஸ் கெப்பாசிட்டர், ஃபில்டர், கப்ளிங், கிரிட் ரெசிஸ்டர், கேத்தோடு ரெசிஸ்டரும் அதன் பைபாஸும், இந்த வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு செட்டைப் போட்டு அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தொடுவதற்கு முன்னால் ஃபில்டரை 5 வாட், சில கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் வடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் பண்ணுவது கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் 220, 240 என்று தனித்தனி இணைப்பு முனைகள் இருந்தால் 240-இல் வையுங்கள். ராத்திரி லைன் வோல்ட்டேஜ் 245-க்கு ஏறும் இடத்தில் 220-இல் வைத்தால் உள்ளே எல்லாமே 11 சதவீதம் கூடுதலாக ஓடும்.

முடிவில் ஈஎல்84-இன் 3-ஆம் காலில், கேத்தோடில், என்ன வோல்ட் என்று அரைமணி நேரம் ஓடிய பிறகு அளந்து, பெட்டியின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். 135 ஓமில் 7.3 வோல்ட் என்றால் 54 மில்லிஆம்பியர், பிளேட்டும், வால்வுக்குள் இருக்கும் இன்னொரு முனையான ஸ்கிரீனும் சேர்த்துச் சரியான கணக்கு. மழைக்காலம் முடிந்து மறுபடி அளக்கும்போது 9, 10 என்று ஏறியிருந்தால், புதுக் கெப்பாசிட்டருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் அட்டையைத் துடைத்துப் பாருங்கள்.